டேப் பார்த்து பேஸ் கிட்டார்: முதல் பாட்டு வரைக்கும்

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். தமிழில் எழுதினால் கேசட்டுக்குள் ஓடுவதும் டேப், டெய்லர் கழுத்தில் தொங்குவதும் டேப், கிட்டார்காரர்கள் "அந்தப் பாட்டுக்கு டேப் இருக்கா?" என்று கேட்பதும் டேப். இங்கே பேசப்போவது மூன்றாவது. டேப்லச்சர் என்பதன் சுருக்கம் அது. எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டத்தில்) விரல் வைக்க வேண்டும் என்பதை எண்ணால் எழுதிக் காட்டும் முறை. மேற்கத்திய இசைக்குறிப்பு ஒரு எழுத்துகூடத் தெரியாதவருக்கும் பத்து நிமிஷத்தில் படிக்க வந்துவிடும். அப்படிச் சுலபமாக வந்துவிடுவதால்தான் பத்தாவது நாளில் பலரும் "எண் எல்லாம் சரியாத்தான் அடிக்கிறேன், பாட்டு மாதிரியே கேக்கலையே" என்று நிற்கிறார்கள். அந்த இடத்தைத் தாண்டுவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்பு.

கையில் எடுத்ததும்

சாதாரண பேஸுக்கு நான்கு கம்பி. தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. எண்ணால் சொன்னால் மெல்லிய ஜி முதல் கம்பி, தடித்த ஈ நான்காவது. ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிக்கு அது 82. அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. ஏ கம்பி 55, டி கம்பி 73, ஜி கம்பி 98.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் இவற்றால் உங்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். செல்போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் இவ்வளவு கீழான ஒலியைத் தர முடியாது. போனைத் தலைமாட்டில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு "பேஸ் எங்கே இருக்கு, கேக்கவே இல்லையே" என்று தேடினால் கிடைக்காது. ஹெட்போன் கட்டாயம். சுருதி சேர்க்க உதவும் ட்யூனர் ஆப்பும் சில போன்களில் ஈ கம்பியைப் பிடிக்கத் திணறும். அப்போது அதே கம்பியின் 12வது ஃப்ரெட்டின் உலோகக் கம்பிக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டு மீட்டி, உடனே விரலை எடுத்துவிடுங்கள். மணி அடித்தது போல ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். ட்யூனர் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இன்னும் வாங்கவில்லையா? பரவாயில்லை. கிட்டாரின் தலைப்பகுதியை மர பீரோவிலோ கதவிலோ லேசாக ஒட்டி வைத்து வாசித்துப் பாருங்கள். பீரோவே ஆம்ப் ஆகிவிடும். உள்ளே தொங்கும் ஹேங்கர்களும் சேர்ந்து பாடும், அது மட்டும்தான் தொல்லை.

நான்கு கோட்டைப் படிப்பது

டேப்பில் நான்கு கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி. கோட்டின் மேல் இருக்கும் எண், ஃப்ரெட்டின் எண். 0 என்றால் எங்கேயும் அழுத்தாமல் திறந்த கம்பியை மீட்ட வேண்டும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போவது. அவ்வளவுதான் இலக்கணம்.

ஆனால் எந்தக் கோடு எந்தக் கம்பி என்பதில்தான் முதல் சறுக்கல். என் அக்கா மகன் பேஸ் வாங்கிய வாரம் ஒரு பாட்டை வாசித்துக் காட்டினான். மூச்சுவிடாமல் வாசித்தான். முடித்ததும் அவனே சொன்னான்: "மாமா, இது பேஸ் மாதிரியே இல்ல, கீச்சு கீச்சுன்னு கேக்குது." டேப்பை வாங்கிப் பார்த்தேன். எண்கள் எல்லாம் சரி. கோட்டைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தான். கிட்டாரை மாட்டிக்கொண்டால் தடித்த கம்பி முகத்துக்குப் பக்கத்தில் மேலே இருக்கிறது. ஆகவே டேப்பிலும் மேல்கோடுதான் தடித்த கம்பி என்று எடுத்துக்கொண்டான். நியாயமான யோசனை, ஆனால் தப்பு. டேப்பில் கீழ்க்கோடுதான் தடித்த ஈ கம்பி. கிட்டாரை மடியில் மல்லாக்கப் போட்டு மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் சரியாக வரும்.

அவனுக்கு ஆறுதலாக ஒரு சரித்திரம் சொன்னேன். டேப் நேற்று வந்த சங்கதி இல்லை. 1507-லேயே வெனிஸ் நகரத்தில் லூட் என்ற பழைய கம்பி வாத்தியத்துக்கு டேப் அச்சடித்து விற்றார்கள். அந்த இத்தாலிய முறையில் தடித்த கம்பியின் கோடு மேலேதான் இருந்தது. ஐநூறு வருஷம் முன்னால் பிறந்திருந்தால் அவன் வாசித்தது சரி.

எண்களுக்கு நடுவே சில குறிகள் வரும். இரண்டு எண்ணுக்கு நடுவே எச் எழுத்து இருந்தால், முதல் எண்ணை மட்டும் மீட்டி, இரண்டாவதை இடக்கை விரலால் தட்டியே ஒலிக்க வைக்க வேண்டும். பி எழுத்து இருந்தால் அதற்கு எதிர்மாறு: விரலை எடுக்கும்போது கம்பியைச் சுண்டிவிட்டு எடுப்பது. சாய்கோடு என்றால் அழுத்தியபடியே வழுக்கிக்கொண்டு போவது. எண்ணுக்குப் பதில் பெருக்கல் குறி இருந்தால், கம்பியை அழுத்தாமல் தொட்டு மட்டும் வைத்து 'டப்' என்று மீட்டுவது. ஸ்வரம் வராது, தாளம் மட்டும் வரும். முதல் பாட்டுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

டேப்புக்கு ஒரு பெரிய பலம் உண்டு. பேஸில் ஒரே ஸ்வரம் பல இடத்தில் கிடைக்கும். ஈ கம்பியின் 5வது ஃப்ரெட்டும் திறந்த ஏ கம்பியும் ஒரே ஸ்வரம்தான். ஐந்துகோட்டு இசைக்குறிப்பு ஸ்வரத்தைச் சொல்லும், எந்த இடத்தில் எடுப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடும். டேப் இடத்தையே காட்டிவிடுகிறது. பலவீனம் என்னவென்றால், பெரும்பாலான டேப் நேரத்தைச் சொல்லாது. எந்த எண் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பது அதில் இருக்காது. அதைக் காதுதான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

நான்கு பார், நான்கு எண்

எடுத்தவுடன் பாட்டுக்குப் போகாமல் இதை வாசியுங்கள். நான் எழுதிய சாதாரண வரிசைதான். ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின்) அடிஸ்வரங்கள், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரங்கள். இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவே இருப்பது ஒரு பார், பாருக்கு நான்கு தட்டு:

ஜி |---------|---------|---------|---------|
டி |---------|---------|---------|---------|
ஏ |-0-0-0-0-|---------|-3-3-3-3-|---------|
ஈ |---------|-1-1-1-1-|---------|-3-3-3-4-|

தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வையுங்கள். தட்டுக்கு ஒரு எண். கடைசி எண் மட்டும் 3-லிருந்து 4-க்கு ஏறுகிறது, கவனித்தீர்களா? அது அடுத்த சுற்றின் ஏ ஸ்வரத்துக்கு ஏறும் படிக்கட்டு. பேஸ்காரர்கள் இப்படித்தான் அடுத்த கார்டு வரப்போவதை முன்கூட்டியே சொல்வார்கள்.

இதில் முதல் பாரிலிருந்து இரண்டாவது பாருக்குப் போகும் இடத்தைக் கூர்ந்து கேளுங்கள். திறந்த ஏ கம்பியை மீட்டிவிட்டு, ஆட்காட்டி விரலை ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். எஃப் ஒலிக்கிறது. ஆனால் பின்னால் ஏ இன்னும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டும் கலந்து, குழாயடியில் குடம் உருள்வது போல ஒரு கலங்கல். "எண் சரி, பாட்டு சரியில்லை" என்ற புகாரில் பாதி இங்கேயிருந்துதான் வருகிறது. மருந்து இது: ஈ கம்பியை விரல் நுனியால் மட்டும் அழுத்தாமல், விரலைக் கொஞ்சம் படுக்கவைத்து, விரலின் அடிப்பகுதி பக்கத்து ஏ கம்பியைத் தொடும்படி வையுங்கள். அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். ஏ அடங்கிவிடும். மூன்றாவது பாரில் ஏ கம்பிக்குப் போகும்போது ஈ கம்பியை அடக்குவது வலக்கைக் கட்டைவிரலின் வேலை. பிக்கப்பின் (கம்பிகளுக்கு அடியில் அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் பாகத்தின்) மேல் ஊன்றியிருந்த கட்டைவிரலை அப்படியே ஈ கம்பியின் மேல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு சோதனை. இதே நான்கு பாரை முதலில் ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்த ஸ்வரம் வரும்வரை நீளும்படி வாசியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பாதியிலேயே இடக்கை விரலைத் தளர்த்தி வெட்டி வாசியுங்கள் (திறந்த ஏ கம்பியை வெட்ட, விரலை லேசாக அதன் மேல் படியவிட வேண்டும்). முதலாவது சோகப் பாட்டுக்குச் சரியாக இருக்கும், இரண்டாவதுக்குக் கால் தானாக ஆடும். காகிதத்தில் இரண்டும் ஒரே டேப். ஸ்வரத்தை எங்கே தொடங்குகிறோம் என்பதில் காட்டும் அக்கறையை எங்கே நிறுத்துகிறோம் என்பதிலும் காட்டுவதுதான் பேஸ் வாசிப்பு. டேப் இதைச் சொல்லித்தராது.

கைகளைப் பற்றிக் கொஞ்சம்

வழக்கமான பேஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட் கட்டத்தின் அகலம் மட்டும் கிட்டத்தட்ட 4.8 சென்டிமீட்டர். 12வது ஃப்ரெட் பக்கம் போனால் அது பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே கீழ் ஃப்ரெட்டுகளில் "விரலுக்கு ஒரு ஃப்ரெட்" என்று வலிய நீட்ட வேண்டாம். ஆட்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றை மட்டும் வைத்து மூன்று ஃப்ரெட்டைச் சமாளியுங்கள். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கட்டும். பெரிய டபுள் பேஸ் வாசிப்பவர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள். விரல் நுனி எரிவது சகஜம், மணிக்கட்டு வலிப்பது சகஜமில்லை.

விரலை ஃப்ரெட் கம்பியின் மேலேயும் வைக்கக் கூடாது, கட்டத்தின் நடுவிலும் வைக்கக் கூடாது. ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால். அங்கே வைத்தால் பாதி பலத்தில் சுத்தமான ஸ்வரம் வரும். நடுவில் வைத்தால் முழுபலத்தில் அழுத்தியும் 'ஸ்ர்ர்' என்று இரையும்.

வலக்கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, நடப்பது போல. ஒற்றை விரலால் வாசிப்பது பாவம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கை ஆட்காட்டி விரல் ஒன்றால்தான் வாசித்தார். ஆனாலும் புதியவருக்கு இரண்டு விரல்தான் நல்லது. வேகம் கூடும்போது தெரியும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது

இளையராஜா பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு பேஸ் கிட்டார் புதியதில்லை. பெயர் தெரியாமலேயே அதைக் கேட்டு ரசித்திருப்போம். ஆனால் முதல் பாட்டாக அதை எடுக்காதீர்கள். அவருடைய பேஸ் பல இடங்களில் கார்டின் அடிஸ்வரத்தில் நிற்காது. பாடுபவரோடு இன்னொரு பாடகர் போல எதிர்ப்பாட்டு பாடிக்கொண்டு போகும். ஆறு மாதம் கழித்து அதற்கு வாருங்கள், அப்போது அதன் ருசியே வேறு.

முதல் பாட்டு நிமிஷத்துக்கு 80-லிருந்து 100 தட்டுக்குள் ஓட வேண்டும். ஒரே கார்டு வரிசை திரும்பத் திரும்ப வர வேண்டும். டேப்பை எடுத்ததும் எண்களைப் பார்க்காமல் முதலில் உச்சியைப் பாருங்கள், ட்யூனிங் என்ன எழுதியிருக்கிறது என்று. நான் இதில் ஒரு சனி ஞாயிறை முழுதாகத் தொலைத்திருக்கிறேன். எண் ஒவ்வொன்றும் சரி, தனியாக வாசித்தால் அழகு, பாட்டோடு சேர்த்தால் மட்டும் பல்லைக் கூசவைக்கும். கிட்டாரைச் சந்தேகப்பட்டேன், ட்யூனரைச் சந்தேகப்பட்டேன், ஞாயிறு இரவு காதையே சந்தேகப்பட்டேன். டேப்பின் முதல் வரியிலேயே "ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட்" என்று எழுதியிருந்தது. நான்கு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கினால் எல்லாம் பொருந்திவிட்டது. ராக் பாட்டுகளில் இது அடிக்கடி வரும். ஈ கம்பியை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்குவதும் உண்டு. அதற்கு டிராப் டி என்று பெயர். பழைய ஒலிப்பதிவாக இருந்தால் நாடா ஓடிய வேகத்தால் சுருதி எந்தச் சுருதிக்கும் சரியாக ஒட்டாமல் நடுவில் நிற்கலாம். அப்போது ட்யூனரை மறந்து பாட்டுக்கே கம்பியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாசிக்கும் வரிசை

முதல் நாள் கிட்டாரைத் தொட வேண்டாம். ஹெட்போனில் பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாவது தடவை பேஸை வாயால் பாடுங்கள், 'தும் தும்' என்று. பாட முடியாத இடம் வாசிக்கவும் வராது. பேஸ் காதுக்குச் சிக்காவிட்டால், சுருதியை ஏற்றும் வசதி உள்ள ஆப் ஒன்றில் பாட்டை ஒரு ஸ்தாயி ஏற்றிக் கேளுங்கள். பாடகர் எலிக்குரலில் பாடுவார், பேஸ் மட்டும் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்கும்.

அடுத்து பாட்டின் கட்டுமானத்தைத் தாளில் எழுதுங்கள். முன்னிசை எத்தனை பார், பல்லவி எத்தனை, இடையிசை எத்தனை, சரணம் எத்தனை. எழுதி முடித்தால் மூன்று நான்கு துண்டுதான் மொத்தப் பாட்டும் என்று தெரியவரும். நீளமான டேப் பார்த்து மலைத்தது அப்போதே பாதி போய்விடும்.

பிறகு இரண்டிரண்டு பாராக. யூட்யூபில் வேகத்தை 0.5 அல்லது 0.75 ஆக்கினாலும் சுருதி மாறாது, ஆகவே அதோடு சேர்ந்தே வாசிக்கலாம். காலால் தட்டிக்கொண்டே வாசியுங்கள். கால் நின்றுவிட்டால் கை தாளத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம், வேகத்தைக் குறையுங்கள். தப்பில்லாமல் தொடர்ந்து ஐந்து முறை வந்தால் அடுத்த இரண்டு பார். துண்டுகளை ஒட்டும்போது, ஒரு துண்டின் கடைசிப் பாரையும் அடுத்ததன் முதல் பாரையும் தனியாக எடுத்து வாசியுங்கள். எல்லாரும் தடுக்கி விழுவது அந்தச் சந்தில்தான்.

முழுப் பாட்டும் ஓரளவு வந்ததும் விதி மாறுகிறது: தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது. நான்கு ஸ்வரம் விட்டுப்போனால் போகட்டும், அடுத்த பாரின் முதல் தட்டில் வந்து ஏறிக்கொள்ளுங்கள். கிட்டார்காரர் ஒரு ஸ்வரம் விட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பேஸ் நின்றால் மேடையே பள்ளத்தில் இறங்கினது போல ஆகிவிடும்.

டேப்பைச் சந்தேகப்படுவது

இணையத்தில் கிடைக்கும் டேப் பெரும்பாலும் உங்களையும் என்னையும் போல ஒருவர் காதால் கேட்டு எழுதியது. தப்பு இருக்கும். ஒரு பாரின் முதல் தட்டில் வரும் ஸ்வரம் பெரும்பாலும் அந்தக் கார்டின் அடிஸ்வரமாகவே இருக்கும். சி கார்டு ஓடும்போது டேப் முதல் தட்டில் சி ஸ்வரத்தைக் காட்டவில்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே அப்படிப் போட்டிருக்கலாம், ஆனால் எழுதியவர் தவறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இன்னொரு வழக்கமான பிழை ஸ்தாயி மாறிப்போவது. இரண்டு கம்பி தள்ளி, இரண்டு ஃப்ரெட் மேலே போனால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கிடைக்கும்: ஈ கம்பியில் 3 என்றால் டி கம்பியில் 5. இரண்டையும் வாசித்துப் பார்த்துப் பாட்டோடு ஒட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள். விரல் அநியாயமாகத் தாவ வேண்டியிருக்கும் இடங்களிலும் சந்தேகம் வர வேண்டும். அசலை வாசித்தவருக்கும் உங்களைப் போல ஒரு கைக்கு ஐந்து விரல்தான்.

எண்ணுக்குள் இருக்கும் உருவம்

ஒரு பாட்டு முடிந்ததும் இதை வாசியுங்கள். ப்ளூஸ், ராக் அண்ட் ரோல் இரண்டிலும் ஆயிரம் முறை புழங்கிய நடை. பாருக்கு எட்டு ஸ்வரம், "ஒன் அண்ட் டூ அண்ட்" என்று எண்ணிக்கொண்டு:

ஜி |-----------------|
டி |-------4-5-4-----|
ஏ |---4-7-------7-4-|
ஈ |-5---------------|

நடுவிரல் 5-ல், ஆட்காட்டி 4-ல், சுண்டுவிரல் 7-ல். கை நகரவே வேண்டாம். இது ஏ கார்டுக்கு. இதே உருவத்தை அப்படியே ஒரு கம்பி தள்ளி, ஏ கம்பியின் 5வது ஃப்ரெட்டில் தொடங்கினால் டி கார்டு. அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே, 7-ல் தொடங்கினால் ஈ கார்டு. ஏ நான்கு பார், டி இரண்டு, ஏ இரண்டு, ஈ ஒன்று, டி ஒன்று, ஏ இரண்டு. மொத்தம் 12 பார். ஒரே ஒரு பார் டேப்பை வைத்துப் பன்னிரண்டு பார் வாசித்துவிட்டீர்கள். இந்த வடிவத்தில் யாராவது கிட்டார் வாசித்தால் அவரோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் வாசிக்கலாம்.

இதற்கு அப்புறம் பழைய டேப்பை எடுத்துப் பார்த்தால் எண்கள் வேறு மாதிரி தெரியும். ஈ கம்பியில் 3, ஏ கம்பியில் 5, டி கம்பியில் 5 என்று வரிசையாக வந்தால் அடிஸ்வரம், பஞ்சமம், மேல் ஸ்தாயி அடிஸ்வரம் என்று கண் தானாகப் படிக்கும். ஸ, ப, மேல் ஸ. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவருக்கு இது இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

கடைசியாக ஒரு வேலை. உங்களுக்குப் பிடித்த பாட்டில் இரண்டே பாரை டேப் தேடாமல் காதால் எடுத்து, நீங்களே எழுதிப் பாருங்கள். தாளில் கோடு கிழித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதப் பழகும் நாலு கோடு நோட்டு எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். அடிக்கோட்டின் ஓரத்தில் ஈ என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.